பிரீதரில் ரப்பர் இல்லை

எங்கள் மெக்கானிக் சங்கம் போடுகிற மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லித் தம்பிமார் கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். யாராவது வாசித்துச் சிரிப்பார்களோ என்று ஒரு பயம். சிரிக்காமல் வருத்தப்படுவார்களோ என்று அதற்கு மேல் ஒரு பயம்.

போன மாதம் பழைய ஷெட்டுப் பக்கம் போயிருந்தேன். பின் ஆக்சிலில் எண்ணெய் ஒழுகுகிறது என்று ஒரு லாரி வந்து நின்றது. அடியில் நுழைந்த மெக்கானிக்கின் கையில் ஸ்பேனர் இல்லை, செல்போன் இருந்தது. எதையும் தொடுவதற்கு முன்னால் ஹவுசிங்கை எல்லாப் பக்கமும் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமாம்.

"தொடுறதுக்கு முந்தி எதுக்குப்பா படம்?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? அப்படித்தான் சொல்லியிருக்காவ."

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஏரலுக்குப் பக்கத்தில் ஊர். அப்பாவுக்கு ஆற்றுப் பாசன வயல் குத்தகை. படிப்பு நின்றதும் தூத்துக்குடிக்கு வந்து ஒரு பட்டறையில் சேர்ந்தேன். டயர் கழற்றினேன், கிரீஸ் அடித்தேன், ஏச்சு வாங்கினேன். பட்டறைப் படிப்பு என்றால் எல்லோருக்கும் அதுதான், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் ஷெட்டில் வேலை கிடைத்தது. ஆறுமுகநேரி உப்பளங்களிலிருந்து துறைமுகத்துக்கு உப்பு ஏற்றுகிற வண்டிகள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

இசக்கி என்ற எனக்கு அங்கே "ரெண்டு தரம்" என்று பட்டப் பெயர். முறுக்கின போல்ட்டை மறுபடி முறுக்கிப் பார்ப்பேன். வண்டி கேட்டைத் தாண்டிய பிறகும் ஓடிப்போய் நிறுத்தி வீல் நட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். "ஏலே ரெண்டு தரம், ஒனக்கு கல்யாணமும் ரெண்டு தரமா?" என்று கேலி செய்வார்கள். இந்தக் குணத்தால் எனக்குத் தூக்கம் கெட்டதே தவிர, நல்ல பெயர் ஒன்றும் வந்துவிடவில்லை.

லாரித் தொழில் தெரியாத வீட்டு ஆட்களும் மலரை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே கிடக்கிற இரும்புக் கூடுதான் ஹவுசிங். நடுவில் பானை மாதிரி வயிறு. இரண்டு பக்கமும் கழுத்து. வயிற்றுக்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் சுற்றும். அந்த எண்ணெய் சக்கரத்துப் பக்கம் போகாமல் சக்கரத்தின் நடுக்கூடான ஹப்பில் ஆயில் சீல் என்கிற வளையம் தடுக்கும். சீல் போனால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கி பிரேக் லைனிங்கை நனைக்கும். நனைந்த லைனிங் பிடிக்காது. அப்புறம் நடப்பதை நான் சொல்ல வேண்டாம்.

சீல் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அவசரக்காரனுக்கு வராது. ஷாப்டை உருவி, நட்டைக் கழற்றி, ஹப்பை டிரம்மோடு இழுத்து வெளியே எடுக்க வேண்டும். சீல் உட்காருகிற இடத்தில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்காவது தட்டினால் அங்கே பள்ளம் இருக்கிறது, புது சீல் போட்டும் ஒழுகும். புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, மேலே மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி இறக்க வேண்டும். ஒரு பக்கமாக அடித்தால் கோணிக்கொள்ளும். கடைசியில் எண்ணெய் ஊற்றும்போது ஓட்டைக்குள் விரலை மடக்கி லெவல் பார்க்க வேண்டும். குறைந்தால் பல் தேயும், கூடினால் மறுபடி ஒழுகும்.

இனி பிரீதர். ஹவுசிங் முதுகில் சின்ன மூக்கு மாதிரி இருக்கும். ஓடிச் சூடாகும்போது உள்ளே இருக்கிற காற்று அது வழியாகத்தான் வெளியே போகும். எங்கள் வண்டிகளுக்கு அந்த மூக்குதான் பெரிய தலைவலி. உப்பளப் பாதையில் மழைக்குப் பிறகு உப்புத் தண்ணீர் சக்கரம் முங்க நிற்கும். சூடாக வந்த ஹவுசிங் அந்தத் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால், பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். உள்ளே எண்ணெய் மோர் மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனால் டிரைவர் மேல் குற்றம். அதற்குப் பயந்து டிரைவர்கள் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பிரீதரை மூடிக் கட்டிவிடுவார்கள். மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். அப்படி வந்தாலும் டிரைவர் மேல்தான் குற்றம். பிரீதரை மூடினவனுக்கு வேலை இல்லை என்று கம்பெனியில் சட்டமே இருந்தது.

அதனால் எங்கள் ஷெட்டில், யாரும் சொல்லித் தராமலே ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. வண்டிக்கு அடியில் முதலில் நுழைகிறவனுடைய கை நேரே பிரீதருக்குப் போகும். ரப்பர் இருந்தால் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வெளியே வந்து, "சீல் போயிட்டு சார்" என்பான். பிறகு சமயம் பார்த்து ரப்பரைக் கழிவெண்ணெய் பீப்பாயில் போட்டுவிடுவான். டிரைவர் நன்றி சொல்ல மாட்டார், நாமும் எதிர்பார்க்க மாட்டோம். இதைப் புண்ணியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போர்மேன் வரதனுக்கும் இது தெரியும். அவர் தென்திருப்பேரைக்காரர். கோயிலை ஒட்டின தெருவில் வீடு, அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. யாரையும் ஏச மாட்டார், ஏசாததே பயமாக இருக்கும். ஒழுகுகிற எண்ணெயை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். பிறகு வேட்டித் தலைப்பில் துடைக்காமல், கையை அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் யோசித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது.

இரும்பில் கீறல் பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. சந்தேகமான இடத்தை உப்புக்கறை, துரு எல்லாம் போகச் சுரண்டி, மண்ணெண்ணெயால் நன்றாக நனைத்து ஊற விடுவார். அப்புறம் பழந்துணியால் ஈரம் இல்லாமல் துடைப்பார். மற்ற பட்டறைகளில் அதன்மேல் சாக்பீஸ் தூள் போடுவார்கள். இவர் தன் பையிலிருந்து நாமக்கட்டியை எடுத்து, தண்ணீரில் உரசிக் குழைத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் பூசுவார். அது காய்ந்த பிறகு பக்கத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். கீறல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கிற மண்ணெண்ணெய் வெள்ளையில் ஊறி மேலே வரும். தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு நம் கண் முன்னாலேயே நீளும். "சாமி, லாரிக்கும் நாமம் போட்டாச்சா?" என்று கேட்டால், "ஒமக்கும் போடணுமா வே?" என்பார், சிரிக்காமல்.

இப்போது சிலுவையின் விஷயம்.

சிலுவை பெரியதாழைக்காரர், என்னைவிட இளையவர். கடல் வேண்டாம் என்று லாரிக்கு வந்தவர். கடலில் அவருடைய அண்ணன் போய்விட்டதால் அம்மா அவரைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. லாரி வேலையை அவர் சாமி படம் மாதிரி வைத்துக் காப்பாற்றினார். பிரீதரை மூடுகிற பழக்கமும் அவருக்கு இல்லை. தண்ணீர் நிற்கிற இடம் வந்தால் முன்கூட்டியே வண்டியை நிறுத்தி ஆக்சில் ஆறும் வரைக்கும் காத்திருப்பார். "சிலுவை வண்டி எங்க? அங்கன படுத்துத் தூங்குது" என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள்.

அவர் வண்டியில் வலது பின்சக்கரத்து உட்பக்கம் எண்ணெய் வழிந்தது. நான்தான் சீல் மாற்றினேன். அடுத்த வாரமே மறுபடி வழிந்தது. துறைமுகத்தில் கப்பல் உப்புக்குக் காத்துக்கொண்டிருந்த நேரம். பாதி வழியில் வண்டி திரும்பி வந்ததும் மானேஜரே ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

மானேஜரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதே யார்டில் கிளீனராக இருந்து மேலே வந்தவர், எங்கள் பழக்கம் எல்லாம் அவருக்கும் பழக்கம். ஆனால் அன்றைக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். கண்கள் சிவந்திருந்தன.

நான் அடியில் நுழைந்தேன். கை வழக்கம்போலப் பிரீதருக்குப் போனது. வெறும் பிரீதர். சிலுவை வண்டியாயிற்றே, எப்படி இருக்கும் என்று வெளியே வந்தேன்.

"பிரீதரில ரப்பர் இல்ல சார்."

யாரும் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டேன். நான் போட்ட சீலைத்தான் குறை சொல்லப் போகிறார்கள் என்ற படபடப்பு, வேறொன்றுமில்லை.

மானேஜர் என் சட்டைப் பையைப் பார்த்தார். "அது என்ன?"

காலையில் சுடலை அண்ணாச்சி வண்டி வந்திருந்தது. எங்கள் கம்பெனியில் மூத்த டிரைவர் அவர். அவர் வண்டிப் பிரீதரில் இருந்த ரப்பரை உருவிப் பையில் போட்டிருந்தேன். பீப்பாய்ப் பக்கம் போக நேரம் வாய்க்கவில்லை. மானேஜர் தானே கையை விட்டு எடுத்தார். டியூப் துண்டு, அதைச் சுற்றிப் பச்சை நைலான் நூல்.

"வலை நூல்," என்றார். "இந்த யார்டில வலை நூல் யாருகிட்ட இருக்கும்?"

எல்லோரும் சிலுவையைப் பார்த்தார்கள்.

"இது வேற வண்டியில எடுத்தது சார்," என்றேன்.

"எந்த வண்டி?"

சொன்னால் சுடலை அண்ணாச்சி போவார். சொல்லாவிட்டால் சிலுவை போவார். நான் சிலுவையைப் பார்த்தேன். அவருக்கு அது யாருடைய ரப்பர் என்று தெரிந்துவிட்டது. அந்த நூலைச் சுடலை அண்ணாச்சிக்குக் கொடுத்ததே அவர்தான். தலையை லேசாக, வேண்டாம் என்பதுபோல ஆட்டினார்.

"நூல் என்னுதுதான் சார்," என்றார். "கட்டு என்னுது இல்ல. கடக்கரைக்காரன் இப்படி முடிச்சு போட மாட்டான், பாருங்க."

"முடிச்ச வச்சு நான் கப்பலுக்கு உப்பு ஏத்தவா?" என்றார் மானேஜர். என் பக்கம் திரும்பினார். "இவங்க வண்டிக்கு வண்டி எடுத்துப் பையில போடுதது எனக்குத் தெரியாதா? நானே போட்டிருக்கேன். இன்னைக்கு மட்டும் இல்லைங்கியா? எப்படிலே நம்பச் சொல்லுத?"

 அத்தனை வருடமும் ரப்பர் இருந்தபோது இல்லை என்றவர்கள் நாங்கள். உண்மையிலேயே இல்லாத அன்றைக்கு எங்கள் சொல்லுக்கு மதிப்பு இல்லாமல் போனது. தொடுவதற்கு முன்னால் இப்போது படம் கேட்பதும் அதனால்தான்.

வேலை போன சிலுவை கேபினில் ஏறி, தன் துண்டையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். வண்டிச் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை, மானேஜரிடமும் கொடுக்கவில்லை. சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் ஹப்பைக் கழற்றினோம். நான் பயந்துகொண்டேதான் டிரம்மை இழுத்தேன். லைனிங் காய்ந்து கிடந்தது. நான் போட்ட சீல் போட்டது போலவே இருந்தது. ஒரு நொடி எனக்கு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை நினைத்தாலே இப்போதும் கசக்கிறது. போர்மேன் எண்ணெயை விரலில் தேய்த்தபடி நின்றார்.

"சீல் போயிருந்தா உள்ள நனைஞ்சிருக்கணும். இது வெளிய இருந்து வழியுது இசக்கி. பட்டையக் கழத்தும்."

யு போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டிப் பாரத்தைத் தாங்குகிற பட்டைச் சுருளைத் தூக்கினோம். பட்டை உட்காருகிற இடத்தை ஒட்டி, கழுத்தின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, துடைத்து, நாமக்கட்டி பூசினார். நான் சுத்தியலால் தட்டினேன். முதலில் ஒரு புள்ளி. பிறகு அது மெதுவாக நகர்ந்து, வளைந்து, பட்டைக்கு அடியில் போய் மறைந்தது. எண்ணெய் அந்தக் கோட்டில் கசிந்து, கழுத்தோடு வழிந்து, சக்கரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. பிரீதரை மூடினால் இரும்பு பிளக்காது, அதற்கு முன்னால் சீல் வழிவிட்டுவிடும். கழுத்தில் கீறல் விடுவது லோடு தாங்காமல். கப்பல் அவசரத்துக்குக் கூட்டி ஏற்றச் சொன்னது ஆபீஸ்.

போர்மேன் கையைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சிலுவை மேல தப்பு இல்ல. ஹவுசிங் கீறியிருக்கு. வந்து பாரும்."

"நம்புதேன்," என்றார் மானேஜர். வந்து பார்க்கவில்லை. "டிரைவர் மூடிட்டான், அனுப்பிட்டேன்னு மேல சொல்லியாச்சு. இப்பப் போயி லோடு கூடினதுல கீறிட்டுன்னு சொன்னா, ஏத்தச் சொன்னது யாருன்னு அடுத்த கேள்வி வரும் வே. வெல்டு வச்சு வண்டிய அனுப்பும்."

"கழுத்துல வெல்டு வைக்க மாட்டேன். சூட்டுல கழுத்து வளையும், ஒட்டுக்குப் பக்கத்துல மறுபடி விடும். வேற ஹவுசிங் வரவழைங்க."

"அது வாரதுக்குள்ள கப்பல் போயிரும்."

போர்மேன் மறுத்துவிட்டார். வண்டியை வெளியே கொண்டுபோய் ஒரு கடையில் வெல்டு வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒழுகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பெரியதாழைக்குப் பஸ் ஏறினேன். கீறலைக் கண்டுபிடித்த செய்தியை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூசை முடிந்து வந்திருந்தார். மச்சானுடைய வள்ளத்தில் மீன்பிடிக்கப் போவதென்று முடிவாகியிருந்தது. உள்ளே அவருடைய அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கீறல் இருந்துச்சு சிலுவை. கண்ணால பாத்தோம். உங்க மேல ஒண்ணும் இல்ல."

"அங்கன சொன்னியளா?"

"போர்மேன் சொன்னாரு."

"என்ன சொன்னாவ?"

"வெல்டு வச்சு ஓட்டச் சொல்லிட்டாவ."

அவர் சிரித்தார். "சரி. வண்டியத் திருப்பி எடுத்துக்கிட்டாவ, என்னயத்தான் எடுக்கல." அவருடைய மனைவி கொண்டுவந்த தண்ணீரை வாங்கி என்னிடம் கொடுத்தார். கொஞ்சம் கழித்து, "யாரு ஓட்டுதா?" என்றார்.

"சுடலை அண்ணாச்சி. அவரு வண்டி கிளட்ச் வேலைக்கு நிக்குது."

"கழுத்துல ஒட்டு இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

நான் செம்பைக் கீழே வைத்தேன். வண்டி நட்டை ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. ஆபீசில் சொல்லியிருப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"காலையில மொத லோடுக்கு முந்தி சொல்லிருங்க அண்ணாச்சி. நூலப் பத்திப் பேச வேண்டாம். ஒட்ட மட்டும் சொல்லுங்க. அவருக்கு இனி வேற எவன் வேலை குடுப்பான்?"

மறுநாள் கேட்டிலேயே சுடலை அண்ணாச்சியை நிறுத்தினேன். சொன்னேன். அவர் இஞ்சினை அணைத்தார்.

"கழுத்துல கீறலா? அப்ப அந்தப் பயல எதுக்குலே அனுப்புனாவ? ரப்பர் கட்டுனான்னுல்லா சொன்னாவ."

நான் குனிந்து வீல் நட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"எந்த ரப்பர்?"

நான் நிமிர்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தை மறைக்கத் தெரியாது.

"பச்ச நூலா?" என்றார்.

இறங்கி நேரே ஆபீசுக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"அது என் வண்டி ரப்பர். அவன் குடுத்த நூல்ல நாந்தான் கட்டுனேன். அவனக் கூப்பிடும்."

மானேஜர் போனைக் கீழே வைத்தார். பிறகு, "இத ஏன் வே வந்து சொல்லுதீரு? நான் கேட்டனா?" என்றார். குரலில் கோபம் இல்லை, அழுகிறவர் குரல் மாதிரி இருந்தது. "அனுப்புனவன நான் எப்படிக் கூப்பிட? மேல என்னன்னு சொல்லுவேன்? நீரு வாயத் தொறந்து சொன்ன பெறவு ஒம்மையும் வச்சுக்கிட முடியாதே."

சுடலை அண்ணாச்சி வெளியே வந்து, பீடி பற்ற வைத்து, கடைசிவரைக்கும் அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்டினார்.  என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓட்ட ஆள் இல்லாமல் அந்த வண்டி நின்றது. மற்ற வண்டிகளை வைத்தே கப்பலுக்கு உப்பு ஏற்றி முடித்தார்கள். பிறகு வேறு ஹவுசிங் வந்து இறங்கியது. நானும் போர்மேனும் அதை மாட்டினோம். வயிற்றைக் கழுவி, பல்சக்கரத்தை இறக்கி, புதுக் கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். இரண்டு பக்கமும் புது சீல். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. 

வெளியூரிலிருந்து ஒரு டிரைவரைப் பிடித்து வந்தார்கள், நல்ல மனிதர். முதல் லோடு போய்விட்டு வந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு சொட்டு இல்லண்ணே. நல்ல வண்டி. இத ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

போர்மேன் கையைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார். "எண்ணெய் லெவல் மட்டும் பாத்துக்கிடுங்க," என்றேன் நான்.